தீபாவளி எண்ணெயில் துணி சோப்பு: காசு மிஞ்சுமா, கை வேகுமா?

#1 சிறுவாணிக்காரி, கோவை

எல்லோருக்கும் வணக்கம். தீபாவளிக்கு முறுக்கு, ஓமப்பொடி, அதிரசம் எல்லாம் சுட்டு மிஞ்சின கடலை எண்ணெய் ரெண்டு கிலோ தூக்குப்போசியில் உட்கார்ந்திருக்கிறது. கறுத்துப் போச்சு. இனி சமையலுக்கு ஆகாது. சிங்க்கில் ஊற்ற மனசு வரவில்லை. "அந்தக் காலத்துல இதுல சோப்பு காய்ச்சுவாங்க" என்று மாமியார் போகிற போக்கில் ஒரு வார்த்தை விட்டார். அன்றையிலிருந்து எனக்கு அதே யோசனை.

வீட்டில் ஐந்து பேர். மாசத்துக்கு மெஷினுக்கு 2 கிலோ பவுடர் 280 ரூபாய், கையால் தேய்க்க நாலு கட்டி சோப்பு 100, கடைசி அலசலுக்கு ஊற்றுகிற வாசனைக் கண்டிஷனர் 220. ஆக 600 ரூபாய் துணிக்கே போகிறது.

உண்மையிலேயே வீட்டில் சோப்பு காய்ச்சி, அதில் துவைத்து, கணக்கும் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "இயற்கை, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

இன்னொரு விஷயம். எங்கள் வீட்டில் ரெண்டு குழாய். ஒன்றில் நல்ல தண்ணி, சிறுவாணி, அதுவும் தினமும் வராது. இன்னொன்று போர், உப்புத் தண்ணி. துவைப்பது உப்புத் தண்ணியில்தான்.

#2 நாலணா மிச்சம், திருச்சி

அக்கா, எதுக்கு இவ்வளவு கஷ்டம்? நான் ஒரு வருஷமாகச் செய்கிறேன். ஒரு கட்டி துணி சோப்பைக் கேரட் துருவியில் துருவிக்கொள்ளுங்கள். ஒரு கப் வாஷிங் சோடா, அரை கப் வெண்காரம் (போராக்ஸ்), 10 லிட்டர் வெந்நீர். கரைத்து ராத்திரி மூடி வைத்தால் காலையில் கூழ் மாதிரி இருக்கும். ஒரு வாளிக்கு ஒரு டம்ளர். அமெரிக்காவிலும் நிறையப் பேர் இப்படிச் செய்கிறார்களாம். 25 ரூபாய் சோப்பு ஒரு மாசம் வருகிறது!

வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடர் வேறு, அதை வாங்கிவிடாதீர்கள்.

#3 சோதனைக்குழாய், தஞ்சாவூர்

நாலணா தம்பி, கோவித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருஷம் வேதியியல் நடத்தினவன், வாய் சும்மா இருக்காது. நீங்கள் துருவின கட்டியின் உறையைப் பாருங்கள். டிடர்ஜென்ட் பார் அல்லது டிடர்ஜென்ட் கேக் என்று அச்சடித்திருந்தால் அது சோப்பே இல்லை, செயற்கைச் சலவைப் பொருள். அதைத் தண்ணீரில் கரைத்து ரசம் வைத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். துணி வெளுக்கிறது என்றால் பெரும்பாலும் சோடாவின் வேலை. வெண்காரமும் குழந்தைகள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைக்கிற பொருள் இல்லை.

சிறுவாணிக்காரி அம்மா, உங்கள் கேள்விக்கான பதில் ரெண்டாவது குழாயில் இருக்கிறது.

சோப்பு என்பது எண்ணெயும் காஸ்டிக் சோடா என்கிற கடுங்காரமும் சேர்ந்து உண்டாவது. அதற்குப் பெரிய எதிரி தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மெக்னீசியமும். அவற்றோடு சேர்ந்தால் சோப்பு நுரைக்காது, திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பியாகி வாளி ஓரத்தில் ஒட்டும். குளியலறைத் தரையில் வழுக்குகிற அந்த வெள்ளைப் படலம் இதுதான். துணி நாளடைவில் பழுப்பேறி அட்டை மாதிரி ஆவதும் இதனால்தான்.

கணக்காகவே சொல்கிறேன். குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் போர் தண்ணி அந்த 600-ஐத் தொடுகிறது என்று வையுங்கள். 15 லிட்டர் வாளி ஒன்றில் ஏறத்தாழ 50 கிராம் சோப்பு, ஒரு அழுக்கைக்கூடத் தொடாமல், தண்ணீரைச் சரிக்கட்டவே செத்துப்போகும். அதே வாளியில் முதலில் 10 கிராம் வாஷிங் சோடா போட்டுக் கலக்கிக் கொஞ்ச நேரம் விட்டால் கால்சியத்தை அது பிடித்துக்கொள்ளும். சோப்பு பிழைக்கும். 10 கிராம் என்பது குவித்து எடுத்த ரெண்டு தேக்கரண்டி. மாவு மாதிரி இருக்கிற சோடாவுக்கு இந்தக் கணக்கு. கற்கண்டு மாதிரி படிகமாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர், இரண்டரை மடங்குக்கும் மேலே போட வேண்டும்.

டிடர்ஜென்டுக்கு இந்தத் தொல்லை குறைவு. நம் ஊர் போர் தண்ணியில் பவுடர் ஜெயித்ததற்கு விளம்பரம் மட்டும் காரணம் இல்லை.

#4 பூவந்தி, மதுரை

எல்லாரும் கெமிக்கலையே பேசுகிறீர்கள். பூவந்திக்கொட்டை என்று ஒன்று இருப்பது மறந்து போச்சா? பத்துப் பதினைந்து காயைக் கொட்டை நீக்கி ராத்திரி ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து வடிகட்டினால் நுரை பொங்கும். எங்கள் அம்மாவின் கல்யாணப் பட்டு நாற்பது வருஷமாக இதில்தான் அலசுகிறோம். ஜரிகை இன்னும் மின்னுகிறது.

#5 சோதனைக்குழாய், தஞ்சாவூர்

பட்டுக்குப் பூவந்தி, நூற்றுக்கு நூறு சரி. பட்டும் கம்பளியும் புரதம், காரம் பட்டால் நைந்துவிடும். வீட்டு சோப்போ வாஷிங் சோடாவோ பட்டுப் பக்கமே போகக்கூடாது. ஆனால் பள்ளிக்கூடம் போகிற பையனின் சட்டைக் காலருக்குப் பூவந்தி போதாது. அந்தத் தண்ணியை மீன் தொட்டியிலோ குளத்திலோ ஊற்றிவிடாதீர்கள், மீனுக்கு ஆகாது.

#6 பூவந்தி, மதுரை

காலருக்கும் போதும் சார், தேய்க்கிற கை வேண்டும்.

#7 ஸ்லரி சண்முகம், ஈரோடு

தேய்க்கிற கை பற்றி நான் சொல்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி "வீட்டிலிருந்தே தொழில்" என்று ஒரு கடையில் லிக்விட் கிட் வாங்கினேன். கடைப் பெயர் வேண்டாம். ஆசிட் ஸ்லரி (அழுக்கெடுக்கிற அமிலக் குழம்பு), காஸ்டிக் லை (காஸ்டிக் சோடாக் கரைசல்), நுரைக்கு ஒன்று, கெட்டியாக உப்பு, கலர், சென்ட். ஒரு டிரம்மில் தண்ணி ஊற்றி வரிசையாகப் போட்டுக் கலக்கினால் லிக்விட் ரெடி. உண்மையிலேயே ரெடி. நுரை அருவி மாதிரி.

எங்கே தப்பு நடந்தது என்றால், காரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற தாளை அந்த ஆள் கிட்டில் வைக்கவில்லை, அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. ஸ்லரி கூடிப்போனால் புளிப்பு, காஸ்டிக் கூடிப்போனால் எரிச்சல். முதல் டிரம்மில் எது கூடியதோ, என் வீட்டுக்காரிக்கு விரல் நுனி தோல் வெங்காயச் சருகு மாதிரி உரிந்தது. பக்கத்து வீட்டுக்கு நாலு பாட்டில் கொடுத்திருந்தேன், போய்க் கெஞ்சித் திரும்ப வாங்கி வந்தேன். அப்புறம் மருந்துக் கடையில் பி.ஹெச். தாள் வாங்கி 7-க்கும் 8-க்கும் நடுவில் கொண்டுவந்து வைக்கக் கற்றுக்கொண்டேன். இப்போது பிரச்சினை இல்லை.

ஆனால் ஒன்று. இது வீட்டில் "செய்வது" இல்லை, வீட்டில் கலக்குவது. நிறையச் செய்தால்தான் மலிவு. உப்புத் தண்ணியில் நன்றாக வேலை செய்யும், அது உண்மை.

#8 பழைய பேப்பர், சென்னை

கலக்குவதை அவ்வளவு கேவலமாகச் சொல்லாதீர்கள். நிர்மா அப்படிப் பிறந்ததுதானே. 1969-ல் அகமதாபாத்தில், குஜராத் அரசாங்க வேலையில் இருந்த வேதியியல் படித்த கர்சன்பாய் படேல், வீட்டுக் கொல்லையில் பவுடரைக் கையால் கலக்கி சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய் விற்றார். பெரிய கம்பெனி பவுடர் கிலோ 13 ரூபாய் இருந்தபோது இவர் பவுடர் 3 ரூபாய். அந்த அடிக்குப் பதில் சொல்லத்தான் 1987-ல் அந்தப் பெரிய கம்பெனியின் வீல் பவுடர் வந்தது. நம்ம சண்முகம் அண்ணன் பி.ஹெச். தாளை முதலிலேயே வாங்கியிருந்தால் இன்றைக்கு எங்கேயோ இருந்திருப்பார்.

#9 ஸ்லரி சண்முகம், ஈரோடு

சைக்கிள் இருக்கிறது, கொல்லைதான் இல்லை.

#10 சேங்கொட்டை, திருவண்ணாமலை

இதுவரைக்கும் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் தாத்தா வரைக்கும் ஊருக்கு வெளுத்தவர்கள். அவர்கள் வீட்டில் சோப்பு என்ற பேச்சே கிடையாது. களர் நிலத்தில் வெள்ளையாகப் பூக்கிற உவர் மண்ணைச் சுரண்டி வருவார்கள். அதைக் கரைத்துத் தெளியவைத்து அந்தத் தண்ணியில் துணியை முக்கி, வெள்ளாவிப் பானை மேல் அடுக்கி மூடி, ராத்திரி முழுக்க ஆவியில் வேகவிட்டு, விடியற்காலை ஏரிக்குக் கொண்டுபோய்க் கல்லில் அடித்து அலசிக் காயப்போட்டால், அப்புறம் அந்த வெள்ளைக்கு நீலமே தேவைப்படாது. எந்த வீட்டுத் துணி என்று தெரிய ஓரத்தில் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி. எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அந்தக் குறி போகாது. அதனால்தான் இந்தப் பெயரை வைத்துக்கொண்டேன்.

வாத்தியார் ஐயா சொல்கிற வாஷிங் சோடாதான் அந்த உவர் மண்ணில் இருக்கிற காரம். நாம் சோப்பு சோப்பு என்று அலைகிறோம். வெள்ளாவியில் வேலை செய்தது காரமும் சூடும் நேரமும். அப்புறம் ஆள் உழைப்பு, அதற்கு யாரும் கணக்குப் போட்டதில்லை. வருஷத்துக்கு இத்தனை மரக்கால் நெல் என்று கொடுத்துவிட்டு, அதற்கும் மூக்கால் அழுவார்கள்.

சிறுவாணி அக்கா, துணியை ராத்திரியே சோடாத் தண்ணியில் ஊறப்போடுங்கள். பாதி வேலை தூங்கும்போதே முடியும். நிறத் துணியையும் பட்டையும் சேர்க்க வேண்டாம்.

#11 சோதனைக்குழாய், தஞ்சாவூர்

இந்த இழையில் இதுவரை வந்த உருப்படியான பதிவு இதுதான். நான் வகுப்பில் சோடியம் கார்பனேட் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுப் போய்விடுவேன். உவர் மண்ணை ஒருநாளும் சொன்னதில்லை.

#12 பனையடி, யாழ்ப்பாணம்

எங்கட பக்கத்திலயும் இதே கதைதான். யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு, கிணத்துத் தண்ணியில சவர்க்காரம் போட்டால் நுரைக்காது. 2022 நெருக்கடியில சவர்க்கார விலை எகிறினபோது அம்மா தேங்காயெண்ணெயில ஒருக்கால் காய்ச்சிப் பார்த்தவ. கட்டி நல்லாத்தான் வந்தது. ஆனால் கிணத்துத் தண்ணியில உடுப்பெல்லாம் பிசுபிசுத்துப் போச்சுது. பிறகு மழைத் தண்ணி பிடிச்சுத் தோய்ச்சுப் பார்த்தம். அதே சவர்க்காரம், நுரை தள்ளிச்சுது. கூரையிலயிருந்து ஒரு வாளி பிடிச்சு வச்சுச் சோதிச்சுப் பாருங்கோ அக்கா, காசு செலவில்லை.

#13 நாலணா மிச்சம், திருச்சி

எண்ணெய்க்கு ஒரு யோசனை. ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்தானே. மாசம் ஒரு பாக்கெட் சோப்புக்கு ஒதுக்கினால் எவ்வளவு சோப்பு வரும்!

#14 பூவந்தி, மதுரை

தம்பி, அது அரசாங்கம் மானியம் கொடுத்து வாய்க்குத் தருகிற எண்ணெய். வாங்க முடியாத வீட்டுக்கு வடை சுடத் தருவதை நீங்கள் சட்டை துவைக்க ஊற்றப் பார்க்கிறீர்கள். எங்கள் தெருவில் மாசக் கடைசியில் பாமாயில் வந்துவிட்டதா என்று நாலு தடவை நடந்து போய்ப் பார்க்கிற பாட்டி இருக்கிறார்.

#15 நாலணா மிச்சம், திருச்சி

என் கார்டு, என் பாக்கெட். நான் யாருடைய பங்கையும் பிடுங்கவில்லையே.

#16 மட்டுறுத்துநர்

ரேஷன் கொள்கைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே சோப்பு மட்டும்.

#17 சிறுவாணிக்காரி, கோவை

எல்லாருக்கும் நன்றி. பனையடி சொன்ன சோதனையைச் செய்துவிட்டேன். மழை இல்லை, அதனால் சிறுவாணித் தண்ணி. ஒரே மாதிரி ரெண்டு பாட்டில், பாதி பாதி தண்ணி, பழைய காதி சோப்பிலிருந்து சீவின நாலு சீவல். குலுக்கினேன். சிறுவாணி பாட்டிலில் கழுத்து வரை நுரை. உப்புத் தண்ணி பாட்டிலில் ஒரு விரல்கடைகூட இல்லை, தயிர்த்திப்பி மாதிரி மிதந்தது. என் பொண்ணு அதைப் பார்த்து "அம்மா, பன்னீர்" என்றாள். பிறகு உப்புத் தண்ணியில் ஒரு சிட்டிகை சோடா போட்டு மறுபடி. முக்கால் பாட்டில் நுரை!

சரி, காய்ச்சியே தீர்வது என்று முடிவு. வாத்தியார் சார், அளவு சொல்லுங்கள்.

#18 சோதனைக்குழாய், தஞ்சாவூர்

முதலில் பயமுறுத்தல். அதைப் படிக்காமல் அளவுக்குப் போகாதீர்கள்.

காஸ்டிக் சோடா தோலையும் கண்ணையும் அரிக்கும். ரப்பர் கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை. குழந்தைகளையும் நாய் பூனையையும் உள்ளே வைத்துத் தாழ் போடுங்கள். தண்ணீரில் காஸ்டிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். பச்சைத் தண்ணீரே தொட முடியாத அளவுக்குச் சூடேறி ஆவி கிளம்பும், அதை மூச்சில் இழுக்காதீர்கள், மொட்டை மாடியில் செய்யுங்கள். கையில் பட்டால் ஓடுகிற குழாயில் கால் மணி நேரம் காட்டுங்கள். கண்ணில் பட்டாலும் அப்படியே கழுவிவிட்டு நேரே டாக்டரிடம். எலுமிச்சம்பழம், வினிகர் என்று யார் சொன்னாலும் தடவாதீர்கள்.

எவர்சில்வர் பாத்திரம் மட்டும். அலுமினியம் கூடவே கூடாது.

இப்போது அளவு. ஒவ்வொரு எண்ணெய்க்கும் காஸ்டிக் பசி வேறு. ஒரு கிலோவுக்குத் தேங்காய் எண்ணெய் 183 கிராம் கேட்கும், பாமாயில் 141, கடலை எண்ணெய் 136, சூரியகாந்தி 134, நல்லெண்ணெய் 133, விளக்கெண்ணெய் 128. வருகிற அளவில் நூற்றுக்கு ரெண்டு குறைத்துக்கொள்ளுங்கள், காரம் மிஞ்சாமல் இருக்கும். தண்ணீர் எண்ணெயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. எல்லாம் எடைதான், டம்ளர் கணக்கு வேண்டாம். கிராம் காட்டுகிற தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

பலகாரம் சுட்ட எண்ணெயை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். சம அளவு தண்ணீரும் ஒரு கை உப்பும் போட்டுக் கொதிக்கவிட்டு ஆறவிடுங்கள். கருகின தூளெல்லாம் தண்ணீரோடு கீழே இறங்கும். மேலே நிற்கிற எண்ணெயை வேட்டித் துணியில் வடிகட்டுங்கள்.

கடலை எண்ணெய் மட்டும் போட்டால் சோப்பு இளகலாக இருக்கும். கெட்டியாகவும் நுரையாகவும் வர தேங்காய் எண்ணெய் சேர்க்க வேண்டும். அங்கேதான் உங்கள் கணக்கு இடிக்கும், இன்றைக்குத் தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு.

#19 சிறுவாணிக்காரி, கோவை

பத்து நாள் கழித்து வருகிறேன். சிரிக்கக்கூடாது.

வாத்தியார் சொன்னபடி காஸ்டிக்கை எவர்சில்வர் சொம்பில் கரைத்தேன். மாடியில், கண்ணாடி போட்டு, வீட்டுக்காரர் ரெண்டு அடி தள்ளி ஒரு வாளித் தண்ணியோடு காவல். அதெல்லாம் சரி. எண்ணெய் அரைக் கிலோவை ஊற்றி வைத்திருந்தது அலுமினியப் போசியில்! எண்ணெய்தானே, அதுக்கென்ன என்று நினைத்துவிட்டேன். கரைசலை ஊற்றிக் கலக்கின கொஞ்ச நேரத்தில் "புஸ்ஸ்" என்று சத்தம், ஓரமெல்லாம் குமிழி, கலவை சாம்பல் நிறம். போசி உள்பக்கம் கறுத்து அங்கங்கே குழி. அது மாமியார் சீர் கொண்டுவந்த போசி. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

ரெண்டாம் தடவை எவர்சில்வர் குண்டான். அரைக் கிலோ கடலை எண்ணெய், 67 கிராம் காஸ்டிக், 165 கிராம் தண்ணி. பழைய தயிர் மத்து ஒன்றைச் சோப்புக்கென்றே ஒதுக்கிக் கடைந்தேன். கடைந்தேன், கடைந்தேன், ஒன்றே கால் மணி நேரம். தோசை மாவுப் பதம் வந்து, மத்திலிருந்து சொட்டினது மேலே கோடாக நின்றது. டிபன் டப்பாவில் ஊற்றி மூன்று நாள் வைத்தும் அல்வா. விரலால் அமுக்கினால் பள்ளம் விழுகிறது.

#20 சோதனைக்குழாய், தஞ்சாவூர்

அலுமினியத்தில் கிளம்பின அந்தக் குமிழி ஹைட்ரஜன். பக்கத்தில் அடுப்பு எரிந்திருந்தால் போசியோடு போயிருக்காது. நல்லவேளை மாடி.

அந்த அல்வா வீணில்லை. ஒரு மாசம் காற்றாட வையுங்கள், பாத்திரம் தேய்க்க ஆகும்.

#21 ஸ்லரி சண்முகம், ஈரோடு

அக்கா, கோவையில் இருந்துகொண்டு தேங்காய் எண்ணெய்க்கா பஞ்சம்? நேந்திரங்காய் சிப்ஸ் போடுகிற கடைகளில் தேங்காய் எண்ணெய்ச் சட்டிதானே. தினமும் கொஞ்சம் கழிப்பார்கள். திரும்பத் திரும்பக் காய்ச்சின எண்ணெயில் கெட்டுப்போன பொருள் 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று 2018-லிருந்து சட்டமே இருக்கிறது. தெரிந்த கடை இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

#22 சிறுவாணிக்காரி, கோவை

சண்முகம் அண்ணா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். வீட்டுக்காரரின் சித்தப்பா பையன் சிப்ஸ் கடை வைத்திருக்கிறான். ஒரு கிலோ கேட்டேன். "காசெல்லாம் வேண்டாம் அண்ணி, ரெண்டு கட்டி சோப்பு குடுங்க" என்றான்.

மிச்சமிருந்த கடலை எண்ணெய் ஒரு கிலோ, சிப்ஸ் எண்ணெய் ஒரு கிலோ. காஸ்டிக் 313 கிராம், தண்ணி 660. இந்த முறை அரை மணி நேரத்தில் பதம் வந்துவிட்டது. சாயங்காலம் ஊற்றி மறுநாள் காலையில் அறுத்தேன். பத்துக் கட்டி. லேசாக வாழைக்காய் வாசம் அடிக்கிறது, மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டே வந்து நாலு ஓரத்தையும் செதுக்கிச் சரி பண்ணிவிட்டுப் போனார். போசி விஷயம் கொஞ்சம் ஆறின மாதிரி தெரிகிறது.

#23 சோதனைக்குழாய், தஞ்சாவூர்

செய்தித்தாள் மேல் இடைவெளி விட்டு அடுக்குங்கள், நாலு வாரம். அப்புறம் ஒரு கட்டியை நனைத்த விரலால் தொட்டு நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். சுள்ளென்று மின்சாரம் மாதிரி அடித்தால் காரம் மிச்சம் இருக்கிறது. வெறும் சோப்பு ருசி என்றால் சரி. தனித் தேங்காய் எண்ணெயில் செய்தால் ஆறு மணி நேரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து அன்றைக்கே அறுக்க வேண்டும், ரொம்ப விட்டால் கத்தி வைத்ததும் சில்லு சில்லாக உடையும்.

#24 பழைய பேப்பர், சென்னை

நாக்கில் வைக்கிற சோதனையை வீட்டுக்காரருக்கு ஒதுக்கவும்.

#25 சிறுவாணிக்காரி, கோவை

நாக்கில் வைத்தது நான்தான். சுள்ளென்று இல்லை.

ரெண்டு மாசம் துவைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

காலர், கைமடிப்பு, பள்ளிக்கூட சாக்ஸ், அடுப்படித் துணி, இதெல்லாவற்றுக்கும் என் கட்டி கடைக் கட்டிக்கு மேல். குறிப்பாக எண்ணெய்க் கறை. ராத்திரி சோடாத் தண்ணியில் ஊறப்போட்டு, காலையில் கட்டியால் தேய்த்து, கடைசி ஒரே ஒரு அலசல் மட்டும் சிறுவாணியில். வெள்ளைச் சட்டை பழுப்பேறவில்லை. சேங்கொட்டை அண்ணனுக்கு ஒரு கும்பிடு.

மெஷினில் தோல்வி. கட்டியைத் துருவிப் போட்டு மூன்று வாரம் ஓட்டினேன். கறுப்பு பேண்ட்டில் வெள்ளைக் கோடு கோடாக வந்தது. ரப்பர் வளையத்தை விலக்கிப் பார்த்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒட்டியிருந்தது, பல்துலக்கும் பழைய பிரஷ்ஷால் ஒரு மணி நேரம் சுரண்டினேன். மெஷினுக்குப் பழையபடி பவுடர்தான். ஆனால் கூடவே ரெண்டு ஸ்பூன் சோடா போடுவதால் பவுடர் அளவைக் குறைத்துவிட்டேன், துணியில் வித்தியாசம் தெரியவில்லை.

கணக்கு: கையுறை, கண்ணாடி 240 ரூபாய், ஒரு தடவைச் செலவு. போசி விலையைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் நான் தோற்றேன். மாசச் செலவு இப்போது பவுடர் ஒன்றே கால் கிலோ 175, சோடா ஒரு கிலோ 50, என் சோப்புக்குக் காஸ்டிக், அடுப்பு எல்லாம் சேர்த்து 25. மொத்தம் 250. முன்னே 600. மிச்சம் 350!

எழுதி முடித்துவிட்டு வரிவரியாகப் பார்த்தேன். அந்த 350-ல் சோப்பு மிச்சம் பிடித்தது 75 ரூபாய். பவுடரைக் குறைத்ததில் சோடாச் செலவு போக 55. மீதி 220? கண்டிஷனர் வாங்குவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். அதை நிறுத்த ஒரு போசியைப் பொத்தலாக்கியிருக்க வேண்டியதில்லை.

#26 நாலணா மிச்சம், திருச்சி

அக்கா, இழைத் தலைப்பை "கண்டிஷனரை நிறுத்துவது எப்படி" என்று மாற்றிவிடலாமா? துணி விறைக்கவில்லையா?

#27 சிறுவாணிக்காரி, கோவை

விறைப்பு உப்புத் தண்ணி அலசலால்தான் வந்துகொண்டிருந்தது. கடைசி அலசல் நல்ல தண்ணிக்கு மாறினதும் போச்சு. சிறுவாணி வராத நாளில் கடைசி வாளியில் ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) போடுகிறேன். தேய்க்கிற வாளியிலேயே சோப்போடு சேர்த்துப் போட்டு ஒரு தடவை ஏமாந்தேன், சோப்பெல்லாம் முறிந்து எண்ணெய்ப் பிசுக்காகத் துணியில் ஏறிவிட்டது. நன்றாக அலசின பிறகு மட்டும்.

#28 பூவந்தி, மதுரை

பட்டுக்கு?

#29 சிறுவாணிக்காரி, கோவை

பூவந்திதான் அக்கா. நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன். ரேஷன் பாமாயில் தொடவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

#30 பனையடி, யாழ்ப்பாணம்

அம்மாட்டச் சோடாக் கதையைச் சொன்னன். "அதை அப்பவே சொல்லியிருந்தால் அந்த எட்டுக் கட்டியையும் நாய்க்கூடு கழுவ விட்டிருக்க மாட்டனே" எண்டு பேச்சு. இந்த முறை வேப்பெண்ணெய் கொஞ்சம் கலக்கப் போறாவாம். காஸ்டிக் அளவு எவ்வளவு ஐயா?

#31 சோதனைக்குழாய், தஞ்சாவூர்

கிலோவுக்கு 137-க்குப் பக்கம் வையுங்கள் அம்மா, தேங்காயெண்ணெய்க்குத் தனியாக 183. நூற்றுக்குப் பத்துக்கு மேல் வேப்பெண்ணெய் வேண்டாம், உடுப்பில் அந்த வாசம் ஒட்டிக்கொண்டு போகவே போகாது.

#32 சிறுவாணிக்காரி, கோவை

எங்கள் வீட்டுச் செய்தி: மாமியார் நேற்றுச் சிப்ஸ் கடைத் தம்பிக்குத் தானே போன் போட்டு, இன்னும் ரெண்டு கிலோ எண்ணெய் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். கூடவே ஒரு எவர்சில்வர் போசியும் கேட்டிருக்கிறார், அது என் கணக்கில்.